நெருப்பை வெளியே எடுத்த பிறகு

எங்கள் பின்வளவில் ஒரு போறணை இருக்கிறது. ரொறொன்ரோவின் கிழக்கே, ஸ்காபரோவில், வேலியிலிருந்து நன்றாகத் தள்ளி, நாலு தூணும் தகரக் கூரையும் போட்ட கொட்டிலுக்குள் அது குந்தியிருக்கிறது. பக்கத்தில் மா குழைக்க ஒரு சீமெந்து மேடை, கை கழுவ ஒரு தொட்டி, விறகு அடுக்க ஒரு தட்டு. வந்து பார்க்கிறவர்கள் 'பீட்சா அவன்' என்கிறார்கள். பெரியப்பா முதல் நாளே அந்த இடத்துக்கு 'வெளிக் குசினி' என்று பெயர் வைத்துவிட்டார். ஊரில் எங்கள் குசினி வீட்டோடு ஒட்டாமல் தனியாகத்தான் நின்றது. புகையும் கரியும் வீட்டுக்குள் வரக் கூடாது என்பது அதைக் கட்டியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

செங்கல்லை நான் கடையில்தான் வாங்கினேன். ஆனால் அந்த வட்டமும் கூரை வளைவும் வாசலின் உயரமும், அதைக் கூப்பிடுகிற பெயரும் என்னிடம் வந்து சேர இரண்டாயிரம் வருடம் எடுத்திருக்கின்றன. அவை ஒரே வழியால் வரவில்லை. ஒரு பாதி யாழ்ப்பாணத்தால் வந்தது, மறு பாதி கியூபெக்கால் வந்தது. இரண்டும் ஒரே ஊரிலிருந்து புறப்பட்டவை என்று கண்டுபிடித்த அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

பெரியப்பா இருபது வயதில் யாழ்ப்பாணத்தில் ஒரு பேக்கரியில் போறணை பார்த்தவர். இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார். நான் போறணை கட்டப் போகிறேன் என்று சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை.

"கட்டுறது பெரிய வேலையில்லைத் தம்பி. நெருப்பை எப்ப வெளியிலை எடுக்கிறதெண்டு தெரியவேணும். அதுதான் வேலை."

இந்த ஒரு வசனத்தைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு கோடை முழுவதும் தேவைப்பட்டது. நாங்கள் அடுப்பில் வளர்ந்தவர்கள். அடுப்பென்றால் கீழே நெருப்பு, மேலே சட்டி. அப்பத்துக்கு மூடியின் மேலும் சிரட்டைத் தணல் போடுவோம். அப்போதும் நெருப்பு ஓரிடம், உணவு ஓரிடம். வட இந்தியத் தந்தூரில் அடியில் தணல் கிடக்க, ரொட்டி சுவரில் ஒட்டிக்கொண்டு வேகும். போறணை இவை எதையும் போல இல்லை. பாண் எங்கே படுக்கப் போகிறதோ, அதே தரையில்தான் முதலில் நெருப்பு படுக்கிறது. இரண்டு மூன்று மணி நேரம் அது எரிகிறது. செங்கல் வெக்கையைக் குடிக்கிறது. பிறகு நெருப்பை முழுவதுமாக வழித்து வெளியே தள்ளிவிட்டு, அது கிடந்த இடத்தைத் துடைத்து, பாணை வைத்துக் கதவை அடைக்கிறார்கள். உள்ளே நெருப்பே இல்லாத ஓர் அறையில், சுவர் திருப்பிக் கொடுக்கிற வெக்கையில் பாண் வேகிறது.

இதை முதலில் யார் கண்டுபிடித்தார்கள் என்று தேடிப் போவதில் பயனில்லை. ஆனால் முழுமையாக, இன்றைக்கும் நெருப்பு மூட்டலாம் என்று நினைக்கும்படி அது நிற்கும் இடம் ஒன்று உண்டு. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலைச் சாம்பல் மூடிய பொம்பேயி நகரில் முப்பதுக்கு மேற்பட்ட பேக்கரிகளை அடையாளம் கண்டிருக்கிறார்கள். மொடெஸ்துஸ் என்பவருடையது என்று சொல்லப்படும் பேக்கரியை 1862இல் தோண்டியபோது, அடைத்த போறணைக்குள் 81 பாண்கள் கரியாகி இருந்தன. வட்டமானவை, மேலே எட்டுத் துண்டாகப் பிட்டுக்கொள்ளக் கீறியவை. வைத்தவர் எடுக்க வரவில்லை.

அந்தப் படத்தை நான் பெரியப்பாவுக்குக் காட்டினேன். அவர் பாணைப் பார்க்கவில்லை, போறணையைத்தான் பார்த்தார். செங்கல் வளைவு, முன்னால் ஒரு சிறு மேடை, புகை வாசலாலே வந்து மேலே போக வழி. "இது எங்கடை போறணைதானே" என்றார். யாழ்ப்பாணத்தில் அவர் வேலை செய்தது இதைவிடப் பல மடங்கு பெரியது, நீண்டது. ஆனாலும் அவர் சொன்னது சரி.

உரோமர் அதை 'ஃபூர்னுஸ்' என்றார்கள். போறணைக்கென்றே ஃபோர்னாக்ஸ் என்று ஒரு பெண் தெய்வமும், பெப்ரவரியில் அவளுக்கு ஒரு விழாவும் வைத்திருந்தார்கள். தானியம் கருகாமல் வறுபட வேண்டும் என்பதே வேண்டுதல். நெருப்போடு வேலை செய்கிறவர்கள் இதைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள்.

பேரரசு போன பிறகும் சொல் போகவில்லை. இத்தாலியிலும் போர்த்துக்கலிலும் அது 'ஃபோர்னோ' ஆனது. பிரான்சில் வால் உதிர்ந்து 'ஃபூர்' ஆனது. அரபியில் 'ஃபுர்ன்' என்று நிற்பதும் இதே சொல்தான். ஸ்பெயின்காரர்களின் வாயில் முதல் எழுத்து மெல்ல மெல்லத் தேய்ந்து 'ஓர்னோ' ஆகி, அவர்களோடு அத்திலாந்திக்கைக் கடந்து நியூ மெக்சிகோவின் பாலைநிலத்துக்குப் போனது. அங்கே தாவோஸ் புவெப்லோ போன்ற பூர்வகுடி ஊர்களின் முற்றங்களில், தேன்கூடு போல மண்ணால் கட்டிய ஓர்னோக்கள் இன்றைக்கும் நிற்கின்றன.

கிழக்கே வந்த சொல்லுக்கு எங்கள் கரையில் ஒரு சிக்கல் காத்திருந்தது. தமிழில் 'ஃ' போட்டு எழுதும் அந்த ஒலி இல்லை, ஆகவே அது 'ப' ஆனது. 'ர்னோ' என்று இரண்டு மெய் ஒட்டி நிற்பதும் எங்கள் நாக்குக்கு ஒத்துவராது. நடுவில் ஓர் உயிரை வைத்து, கடைசியில் ஐகாரம் சேர்த்து, 'போறணை' ஆக்கிக்கொண்டோம். சிங்களத்தில் 'போரணுவ'. கேட்டால் சங்க காலத்திலிருந்தே இருந்த சொல் போல இருக்கிறது. நான் பத்தாம் வகுப்புவரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

போர்த்துக்கேயர் 1505இல் இலங்கைக்கு வந்தார்கள். 1619இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்தார்கள். 1658இல் ஒல்லாந்தரிடம் யாழ்ப்பாணக் கோட்டையை இழந்தார்கள். தீவின் வடக்கை ஆண்டது 39 வருடம். அதற்குள் அவர்கள் விட்டுப்போன சொற்களை எண்ணிப் பார்த்தால், அவர்கள் எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தது போலத் தோன்றும். மேசை, அலுமாரி, வாங்கு, சாவி, யன்னல், பாண், விசுக்கோத்து, குசினி. பின்வளவில் அத்திவாரம் தோண்ட நான் கையில் எடுத்த அலவாங்கும் அவர்களுடைய சொல்தான்.

விசுக்கோத்து என்றால் இரண்டு தரம் சுட்டது என்று பொருள். கடலோடிகளின் உணவு அது. லிஸ்பனுக்கு எதிரே, தேஜோ ஆற்றின் தென்கரையில் வால் டி செப்ரோ என்ற இடத்தில், கப்பல்களுக்கு விசுக்கோத்துச் சுடவென்றே அரசின் போறணைகள் இருந்தன. ஆசியாவுக்கான கப்பல் பயணம் ஏலத்தையும் கறுவாவையும் தேடிப் போனது என்று படிக்கிறோம். அந்தப் பயணம் அதற்கு முன்னால் ஒரு போறணையிலிருந்து தொடங்கியது. போய்ச் சேர்ந்த இடத்திலும் போறணை கட்டாமல் அவர்களால் இருக்க முடியவில்லை. கோவாவில் 'பொதேர்' எனப்படும் பாண்காரர்கள் தென்னங்கள் ஊற்றி மா புளிக்க வைத்தார்கள். எங்கள் அப்ப மாவுக்கு ஆச்சி செய்ததும் அதுதானே என்று எனக்குத் தோன்றுகிறது. கள்ளில் இருந்த அதே நுண்ணுயிர், ஓரிடத்தில் பாணையும் ஓரிடத்தில் அப்பத்தையும் எழுப்பியிருக்கிறது.

கோதுமை விளையாத ஒரு தீவில் பாண் எப்படிக் காலைச் சாப்பாடாக ஊன்றியது என்பது நீண்ட கதை. நான் அறிந்த யாழ்ப்பாணத்தில் அது ஊன்றித்தான் இருந்தது. றாத்தல் கணக்கில் பாண். அச்சுக்குள் வைத்துச் சுட்டால் அச்சுப் பாண். அச்சில்லாமல் நேரே போறணைத் தரையில் வைத்துச் சுட்டால், அடி முறுகி, றோஸ்ட் பாண். 1990இல் போரில் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் ஒரு போத்தல் கிடைப்பதே பெரிய விஷயமானது. விறகுப் போறணைக்கு இரண்டும் தேவையில்லை. மா கிடைத்த நாட்களில் விடியற்காலை நாலரைக்கே வரிசை நிற்கும். இருட்டில் கடைப் பின்புறத்துப் போறணையின் வாய் மட்டும் சிவப்பாகத் தெரியும். அந்தக் காலத்தில்தான் பெயர்ப்பலகைகளில் பேக்கரி என்ற சொல்லை அழித்து 'வெதுப்பகம்' என்று எழுதினார்கள். நல்ல சொல், இன்றைக்கும் நிற்கிறது. ஆனால் வெதுப்பகத்துக்குள்ளே இருந்ததை எல்லோரும் போறணை என்றுதான் சொன்னார்கள்.

இது கிழக்கு வழி. மற்ற வழி எனக்கு இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது.

வாசலின் உயரம் எவ்வளவு வைக்க வேண்டும் என்று பெரியப்பாவிடம் கேட்டேன். அவர் தன் நெஞ்சுக்கும் இடுப்புக்கும் நடுவே கையை வைத்துக் காட்டினார். அது அவருடைய பேக்கரியின் அளவு, என் வளவுக்கு ஆகாது. நூலகத்தில் ஒரு புத்தகம் அகப்பட்டது. கியூபெக்கின் பாண் போறணைகள் பற்றி லிஸ் புவாலி, ஜான்-பிரான்சுவா பிளான்செத் என்ற இருவர் எழுதி, கனடாவின் தேசிய அருங்காட்சியகம் ஒன்று 1979இல் ஆங்கிலத்தில் வெளியிட்டது. கியூபெக்கின் கிராமங்களில் அடியில் மரமோ கல்லோ கட்டி, மேலே களிமண்ணும் வைக்கோலும் குழைத்து எழுப்பிய போறணைகளை அவர்கள் ஒவ்வொன்றாக அளந்திருக்கிறார்கள். வளைந்த கொம்புகளால் கூடு கட்டி, அதன்மேல் மண் அப்பி, முதல் நெருப்பில் அந்தக் கூட்டை எரித்துவிடுவது அவர்கள் முறை. அந்த அளவுகளிலிருந்து கிடைத்த ஒரு கணக்கைத்தான் இன்று உலகெங்கும் பின்வளவில் போறணை கட்டுகிறவர்கள் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். உள்கூரையின் உயரத்தில் 63 வீதம் வாசலின் உயரமாக இருக்க வேண்டும்.

ஏன் என்று கேட்டால், போறணைக்கு வாசல் ஒன்றுதான். அதன் கீழ்ப்பாதியால் குளிர்ந்த காற்று உள்ளே போகிறது, கூரையைச் சுற்றி வந்து, மேல்பாதியால் புகையாக வெளியே வருகிறது. வாசல் பதிந்தால் நெருப்பு மூச்சு முட்டிப் புகையும். உயர்ந்தால் கூரையில் நிற்க வேண்டிய வெக்கை எல்லாம் வெளியே ஓடிவிடும். புகைபோக்கியும் இதனால்தான் கூரையின் உச்சியில் இல்லாமல் வாசலுக்கு வெளியே, முன் மேடைக்கு மேலே நிற்கிறது. கியூபெக்கின் விவசாயிகள் யாரும் 63 என்று கணக்குப் போடவில்லை. கட்டிக் கட்டி, எரியாததை இடித்து, எரிந்ததைப் பார்த்து மகன் கட்டி வந்த அளவு அது.

அவர்கள் வளவுக்கு வளவு போறணை வைத்திருந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. பழைய பிரான்சில் நிலப்பிரபுவின் போறணையில்தான் குடிகள் பாண் சுட வேண்டும், அதற்குக் கூலியும் கொடுக்க வேண்டும் என்ற சட்டம் இருந்தது. அந்த உரிமையைக் கனடாவிலும் கேட்டார்கள் பிரபுக்கள். 1707இல் ரோடோ என்ற அதிகாரி பிரான்சுக்கு எழுதினார்: இங்கே வீடுகள் தூரம் தூரமாக இருக்கின்றன, குளிர்காலத்தில் குழைத்த மாவைப் பிரபுவின் போறணைக்குக் கொண்டுபோவதற்குள் அது உறைந்துபோகும் என்ற கருத்தில். அந்த உரிமை இங்கே வேர்விடவில்லை. ஸ்காபரோவில் மைனஸ் இருபதில் பஸ்ஸுக்கு நின்றவன் என்ற முறையில், அந்த அதிகாரியை எனக்கு மிகவும் பிடிக்கிறது.

ஆக, ஃபூர்னுஸ் மேற்கே 'ஃபூர்' ஆகி சென் லோறன்ஸ் ஆற்றங்கரைக்கு வந்தது. கிழக்கே 'போறணை' ஆகி யாழ்ப்பாணத்துக்கு வந்தது. என் வாசலின் உயரம் முதலாவதிலிருந்து, என் பெரியப்பா இரண்டாவதிலிருந்து.

மூன்றாவதாக ஒருவரையும் சொல்லாமல் விடக் கூடாது. அலன் ஸ்கொட். அவுஸ்திரேலியாவில் பிறந்த கொல்லர், கலிபோர்னியாவில் வாழ்ந்தவர். மின் அடுப்பும் எரிவாயு அடுப்பும் எல்லாவற்றையும் மூடிவிட்ட காலத்தில், ஊர் ஊராகப் போய்ச் செங்கல் போறணை கட்டிக் கொடுத்தார், கட்டக் கற்றுக் கொடுத்தார். டானியல் விங்குடன் சேர்ந்து 1999இல் அவர் எழுதிய 'த பிரெட் பில்டர்ஸ்' பலருடைய பின்வளவுக்குப் போறணையைக் கொண்டுவந்தது. 2009இல் காலமானார். நான் அடிக்கடி கறை படியப் புரட்டியது அந்தப் புத்தகத்தைத்தான்.

கட்டத் தொடங்கும் முன் நகராட்சியிலும் தீயணைப்புப் பிரிவிலும் கேட்டுவிட்டேன். கட்டிய பிறகு கேட்பதில் பயனில்லை.

இந்த ஊரில் அத்திவாரம் நாலடி ஆழம் போக வேண்டும். குளிர்காலத்தில் மண்ணுக்குள் இருக்கும் ஈரம் உறைந்து பொங்கி, மேலே எது இருந்தாலும் தூக்கிவிடும், 1.2 மீற்றருக்குக் கீழே அந்த உறைவு எட்டாது. ஊரில் இப்படி ஒரு கவலை யாருக்கும் வந்திருக்காது. எங்கள் கவலை கல்லைப் பற்றியது. யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக்கல். அதில் வீடு கட்டலாம், மதில் கட்டலாம், போறணை மட்டும் கட்ட முடியாது. 850 பாகை அளவில் அந்தக் கல் வெந்து சுண்ணாம்பாகிவிடும், அதற்கு முன்பே வெடித்துச் சிதறவும் கூடும். "எங்கடை முதலாளி செங்கட்டியை வன்னியிலிருந்து லொறியிலை எடுப்பிச்சவர்" என்றார் பெரியப்பா.

நான் வாங்கியது தீச்செங்கல். அலுமினா கூடிய களியில் சுட்ட, வெளிறிய மஞ்சள் நிறக் கல். 9 அங்குல நீளம், நாலரை அகலம், இரண்டரைத் தடிப்பு. உள்விட்டம் 36 அங்குலம், கூரை உயரம் 18. அரைக்கோளம். ஆகவே வாசல் பதினொன்றேகால் அங்குலத்துக்குச் சற்று மேலே. ஏறத்தாழ 130 கல், ஒவ்வொன்றும் மூன்றரைக் கிலோ. அரைத் தொன் அளவு கல்லை வாசலிலிருந்து பின்வளவுக்குத் தள்ளுவண்டியில் கொண்டுபோனது நானும் மகளும்.

தரையைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் கூரையைத்தான் பார்க்கிறார்கள். தரைக்குக் கீழே வெக்கை இறங்கிவிடாமல் ஒரு தடுப்பு வேண்டும். நான் வெர்மிக்குலைட்டும் சீமெந்தும் ஐந்துக்கு ஒன்றாகக் கலந்து நாலங்குலம் போட்டேன். அர்ஜென்டினாவில் மண் போறணை கட்டுகிறவர்கள் தரைக்கடியில் உடைந்த கண்ணாடியும் உப்பும் பரப்புவார்கள். தடுப்பின்மேல் மணலும் தீக்களியும் மெல்லிதாகத் தூவி மட்டம் பார்த்து, கலவை எதுவும் இல்லாமல் கல்லைச் சும்மா வைக்க வேண்டும். ஒரு கல் வெடித்தால் கழற்றி மாற்ற அப்போதுதான் முடியும். கல் வரிசை வாசலுக்கு நேராக ஓடக் கூடாது, மீன்முள் போலச் சரிவாக ஓட வேண்டும். நேராக ஓடினால் பாண் எடுக்கும் பலகையின் விளிம்பு ஒவ்வொரு பொருத்திலும் இடறும். பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தரை முழுவதும் தடவினார். இரண்டு கல்லை எடுத்துத் திருப்பி வைக்கச் சொன்னார். எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அவர் கைக்குத் தெரிந்தது.

கலவை: மணல் மூன்று பங்கு, சீமெந்து ஒன்று, சுண்ணாம்பு ஒன்று, தீக்களி ஒன்று. தனிச் சீமெந்து வெக்கைக்கு நிற்காது. 400 பாகை தாண்டும்போது அதற்குள் கட்டுண்ட நீர் பிரிந்து, பொருத்து உதிரத் தொடங்கும். சுண்ணாம்பும் களியும்தான் கடைசிவரை பிடித்துக்கொள்பவை.

கூரைக்கு நான் பயந்தேன். நடுத்தரையில் ஓர் ஆணி அடித்து, அதில் சுழலும் 18 அங்குலக் கம்பி ஒன்றைப் பூட்டி, அதன் நுனி தொடும் இடத்தில் அரைக் கல்லை வைத்துக்கொண்டே போக வேண்டும். முதல் மூன்று வட்டம் சுவர் போலத்தான் நிற்கும். நாலாவதில் கல் உள்ளே சாய ஆரம்பிக்கும். ஆறாவதில் கையை எடுத்தால் கல் வழுக்கும். ஒவ்வொன்றையும் கலவை இறுகும்வரை பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு வட்டத்தின் கடைசிக் கல் இறங்கிய கணத்தில், அதுவரை ஒவ்வொன்றாக விழப் பார்த்த கற்கள் எல்லாம் ஒன்றையொன்று நெருக்கி நின்றுவிடுகின்றன. பிறகு அதன்மேல் ஏறி நின்றாலும் அசையாது. பொம்பேயியிலும் இப்படி ஒருவன் கல்லைப் பிடித்தபடி நின்றிருப்பான். உச்சிக் கல்லை மகள் வைத்தாள்.

கூரைக்கு மேலே வெக்கை காக்கும் பீங்கான் நார்ப் போர்வை மூன்று அங்குலம். அதன் தூசி நுரையீரலுக்குக் கெடுதி, முகமூடி இல்லாமல் தொடக் கூடாது. அதன்மேல் வெர்மிக்குலைட் பூச்சு, அதற்கும் மேல் வெள்ளைப் பூச்சு.

பிறகு காத்திருக்க வேண்டும். புதிய போறணைக்குள் பல லீற்றர் தண்ணீர் இருக்கிறது. ஒரு வாரம் நாளுக்கு ஒரு சிறு நெருப்பு, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூட்டி, அந்த ஈரத்தை மெல்ல வெளியே அனுப்ப வேண்டும். நான் மூன்றாம் நாள் அவசரப்பட்டேன். சனிக்கிழமை உறவினர்கள் வருவதாக இருந்தது. பெரிய விறகு இரண்டை அதிகமாக வைத்தேன். இருட்டும் நேரத்தில் ஒரு சத்தம், பனங்கொட்டை பிளப்பது போல. வாசல் வளைவிலிருந்து உச்சிவரை மயிரிழை ஒன்று ஓடியிருந்தது. அன்றிரவு நான் பெரியப்பாவைக் கூப்பிடவில்லை. காலையில் அவரே வந்து, விரல் நகத்தை வெடிப்பில் வைத்து மேலும் கீழும் இழுத்துப் பார்த்தார்.

"வெடிக்காத போறணை நான் ஒருநாளும் காணேல்லை. ஆனா இது உன்ரை அவசரத்தாலை வெடிச்சது. இனி நாலு நாள் சின்ன நெருப்பு. ஆக்கள் வந்தா கடையிலை வாங்கிக் குடு."

அவர் சொன்னபடியே செய்தேன். அந்த இழை அதற்குமேல் ஓடவில்லை. இன்றைக்கும் இருக்கிறது. சூடேறும்போது மூடிக்கொள்கிறது, ஆறும்போது தெரிகிறது.

முதல் பாண் நாள். ஒரு வருடம் காய்ந்த மேப்பிள் விறகு, மாலை ஆறு மணிக்கு. தொடக்கத்தில் கூரை கரி பிடித்துக் கறுத்துப்போகும். ஒரு மணி நேரம் கடந்து, கல் 350 பாகை அளவைத் தொடும்போது, அந்தக் கரியே எரிந்து போகத் தொடங்கும். முதலில் உச்சியில் ஒரு வெள்ளைப் பொட்டு. அது வட்டமாக விரிந்து பக்கங்களில் இறங்கும். கறுப்பிலிருந்து கல் தன் சொந்த நிறத்துக்குத் திரும்புவதைப் பார்ப்பதற்காகவே ஒரு போறணை கட்டலாம். இந்த நேரத்தில் பீட்சா வைக்கலாம், ஓரத்தில் நெருப்பு எரிய எரியவே. நேப்பிள்ஸ்காரர்கள் 430 பாகைக்கு மேலான தரையில் தொண்ணூறு விநாடிக்குள் சுட்டு எடுக்கிறார்கள். அந்தக் கைவேலையை 2017இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. பிள்ளைகளுக்கு நாலு சுட்டுக் கொடுத்தோம். பெரியப்பா தொடவில்லை. அவர் பாணுக்காகக் காத்திருந்தார்.

எட்டரைக்கு அவர் எழுந்தார். நான் இன்னும் அரை மணி எரியட்டும் என்று நினைத்தேன், வெப்பமானி என் கையில் இருந்தது. அவர் வாசலுக்குள் சுவாலையைப் பார்த்தார், விறகு தணலாகி உட்கார்ந்துவிட்டதைப் பார்த்தார்.

"இப்ப."

தணலை இரும்பு வழிகோலால் இழுத்து வாளியில் போட்டோம். ஈரச் சாக்கைத் தடியில் கட்டித் தரையைத் துடைத்தார், ஆவி எழுந்து முகத்தில் அடித்தது. கதவை அடைத்து முக்கால் மணி நேரம் சும்மா இருந்தோம். கல்லின் மேல்தோலில் நின்ற கடும் சூடு உள்ளுக்குப் போய், எல்லா இடமும் ஒன்றாக வேண்டும். பிறகு கதவைத் திறந்து ஒரு பிடி மாவைத் தரையில் எறிந்தார். உடனே கருகினால் இன்னும் ஆற வேண்டும். மெல்லப் பழுத்து மண்ணிறமானால் சரி. அது பழுத்தது. என் வெப்பமானியில் 260.

எட்டு றாத்தல் பாண், அச்சில்லாமல். நீண்ட காம்புள்ள பலகையில் ஒவ்வொன்றாக ஏற்றி, உள்ளே நீட்டி, ஒரு வெட்டு வெட்டி இழுத்தார். எண்பது வயதுக் கை, அறுபது வருடம் செய்யாத வேலை, ஒரு பாணும் கோணவில்லை. கதவை அடைத்தோம். உள்ளே வேறு நீர் தெளிக்கத் தேவையில்லை. எட்டுப் பாண் தன் ஆவியாலேயே அந்தச் சிறு அறையை நிறைத்துவிடும். தோல் காயாமல் பாண் எழும்புவதும், பிறகு முறுகி மினுங்குவதும் அந்த ஆவியால்தான். நாற்பது நிமிடம். அவர் ஒன்றை எடுத்துக் கவிழ்த்து, அடியில் விரல் முட்டியால் தட்டினார். வெறும் பானையைத் தட்டிய சத்தம் வந்தது. தங்கை அரைத்த தேங்காய்ச் சம்பலோடு, நின்றபடியே சாப்பிட்டோம்.

இதை எழுதும்போது என் மனதில் மும்பையின் பேக்கரிகளும் இருக்கின்றன. 2025 ஜனவரியில் பம்பாய் உயர்நீதிமன்றம், விறகிலும் கரியிலும் எரியும் பேக்கரிகள் ஆறு மாதத்துக்குள் எரிவாயு போன்ற எரிபொருளுக்கு மாற வேண்டும் என்றது. நகரத்தில் மூச்சு விடச் சிரமப்படும் குழந்தைகள் இருக்கும்போது அந்தத் தீர்ப்போடு சண்டை பிடிக்க எனக்கு மனம் வரவில்லை. நான் செய்யக்கூடியதைச் செய்கிறேன்: ஈர விறகை ஒருபோதும் வைப்பதில்லை, வர்ணம் பூசிய பலகையைத் தொடுவதில்லை, மாதத்தில் இரண்டு தரத்துக்கு மேல் மூட்டுவதில்லை, மூட்டும் நாளைப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் முதலே சொல்லிவிடுகிறேன். நன்றாகச் சூடேறிய போறணையில் புகை மிகக் குறைவு. தொடக்கத்து அரைமணி நேரம்தான் அவருக்குத் தொந்தரவு. அவருக்கு ஒரு பாண் எப்போதும் உண்டு.

நெருப்பை எடுத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்தும் அன்று உள்ளே 150 இருந்தது. கியூபெக்கின் பெண்கள் பாண் எடுத்த பிறகு அந்த மிச்ச வெக்கையில் அவரைச் சட்டியை இரவிரவாக வைப்பார்கள் என்று படித்திருந்தேன். நாங்கள் காலையில் ஆட்டிறைச்சிச் சட்டியை மாக்கூழால் மூடி ஒட்டி உள்ளே வைத்துவிட்டு மறந்துவிட்டோம். மதியம் கரண்டி பட்டதும் எலும்பு தனியே வந்தது.

மாலை போறணை 80 பாகைக்கு இறங்கியது. அது ஒக்டோபர். வெயில் இருந்தும் ஒன்றையும் காயவைக்காத மாதம். மனைவி இரண்டு நாளாக உப்பும் தயிரும் பிடித்திருந்த மிளகாயைத் தட்டில் பரப்பிக் கொண்டுவந்தாள். கதவை ஒரு விரல் அளவு திறந்து வைத்து, ஈரம் போக வழி விட்டோம். பெரியப்பா கதிரையை இழுத்துப் போறணையின் முதுகுப்புறம் போட்டுக்கொண்டு, சால்வையைச் சுற்றி உட்கார்ந்தார். அரைமணிக்கு ஒருமுறை எழுந்துபோய் மிளகாயைப் புரட்டிவிட்டு வந்தார்.